மாமியாரின் கொள்ளுத்தாத்தா அயர்லாந்துக்காரர், அவருடைய அப்பா அம்மா கல்யாணப் பதிவு கிடைக்குமா?

காட்பாடி ஜங்ஷன்:
வணக்கம். என் மனைவி வீடு அரக்கோணம் ரயில்வே காலனி. மாமியாரின் கொள்ளுத்தாத்தா அயர்லாந்தில் கார்க் பக்கத்திலிருந்து வந்தவர் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், நானும் சும்மா கதை என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது ஒரு சர்ச் சான்றிதழ் கிடைத்தது. 1871, சென்னை, கத்தோலிக்கக் கல்யாணம், மாப்பிள்ளைக்கு வயது 24, அப்பா பெயரும் இருக்கிறது, அம்மா பெயர் இல்லை. குடும்பப் பெயரை இங்கே போடவில்லை, ஆனால் கார்க்கில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர். அந்த அப்பாவின் கல்யாணத்தைப் பிடித்தால் அம்மா பெயர் தெரியும் அல்லவா? அயர்லாந்து அரசின் இலவசத் தளத்தில் சிவில் பதிவுகளை மூன்று வாரமாகத் துழாவுகிறேன், ஒன்றும் இல்லை. பணம் கட்டச் சொல்லும் ஒரு தளத்தில் கட்டியும் பார்த்தேன், தண்டம்.

கோட்டை அகழி:
கிடைக்காதுங்க, நீங்கள் தேடும் இடமே தப்பு. மாப்பிள்ளைக்கு 1871இல் 24 என்றால் பிறந்தது 1847 வாக்கில், பெற்றோர் கல்யாணம் அநேகமாக அதற்கும் முன்னால். அயர்லாந்தில் அரசுப் பதிவு 1845 ஏப்ரலில் தொடங்கியபோது கத்தோலிக்கர் அல்லாதவர் கல்யாணங்களை மட்டும்தான் எழுதினார்கள். கத்தோலிக்கக் கல்யாணம் அரசு ஏட்டில் ஏறியது 1864 ஜனவரியிலிருந்து. அதனால் உங்களுக்கு வேண்டியது பங்குக் கோயில் ஏடு, அதாவது அந்தந்த வட்டாரக் கத்தோலிக்கக் கோயிலில் எழுதி வைத்தது. அயர்லாந்து தேசிய நூலகம் 1880 வரையிலான கத்தோலிக்க ஏடுகளைப் படமாகவே இணையத்தில் போட்டிருக்கிறது, 2015லிருந்து இலவசம். 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் ஆவணக் காப்பகம் எரிந்தபோது சாம்பலான கோயில் ஏடுகள் சர்ச் ஆஃப் அயர்லாந்து என்ற புராட்டஸ்டன்ட் சபையுடையவை, கத்தோலிக்க ஏடுகள் அந்தந்தக் கோயிலிலேயே இருந்ததால் தப்பின. நூலகத் தளத்தில் பெயர் போட்டுத் தேட முடியாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பெயர்ப் பட்டியலுக்கு ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளித் தளத்தைப் பாருங்கள்.

ராணிப்பேட்டை மேரி:
அண்ணா, புரட்டும் முன் ஒரு விஷயம். பல ஏடுகள் லத்தீனில் இருக்கும். ஜேம்ஸ் என்பவர் யாக்கோபுஸ், வில்லியம் குலியெல்முஸ். நம் கோயில்களில் ஜான் அருளப்பர் ஆனதும் பால் சின்னப்பர் ஆனதும் போலத்தான், அதனால் பயப்பட வேண்டாம். குடும்பப் பெயருக்கு முன்னால் வரும் 'ஓ' சில இடத்தில் இருக்கும், சில இடத்தில் காணாமல் போயிருக்கும், இரண்டையும் பாருங்கள். பெண்ணின் பங்கில்தான் பெரும்பாலும் கல்யாணம் நடக்கும், மாப்பிள்ளை ஊரில் இல்லையென்று விட்டுவிடாதீர்கள். அப்புறம் நமக்கு ஆடி மாதிரி அவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், கல்யாணம் அரிது. அது தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாட்களில் வரிசையாக முடித்துத் தள்ளுவார்கள், பிப்ரவரிப் பக்கங்களை முதலில் புரட்டுங்கள். உறவுக்குள் கட்டியிருந்தால் விலக்கு வாங்கிய குறிப்பும் ஓரத்தில் இருக்கும். அத்தை மகள் நமக்கு உரிமை, அங்கே திருச்சபை அனுமதி வேண்டும்!

காட்பாடி ஜங்ஷன்:
நன்றி இருவருக்கும். ஆனால் கார்க்கில் எந்தப் பங்கு என்றே தெரியாதே? பெரிய மாவட்டமாச்சே.

கோட்டை அகழி:
அதுதான் முதல் வேலை, பங்கு தெரியாமல் ஏட்டைத் திறந்தால் கண்தான் போகும். ரயில்வேக்கு வருவதற்கு முன் அவர் பட்டாளத்தில் இருந்தாரா என்று கேளுங்கள். பென்ஷன் வாங்கிய பிரிட்டிஷ் சிப்பாயின் டிஸ்சார்ஜ் காகிதத்தில் பிறந்த பங்கின் பெயர் இருக்கும், லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் அயர்லாந்து ஆட்கள் வந்து போனது புதிதில்லை, 1806 வேலூர்க் கலகத்தை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரையில் வந்த கில்லஸ்பியே அயர்லாந்தில் டவுன் என்ற மாவட்டத்துக் காம்பர் ஊர்க்காரர்தான். இன்னொன்று, சான்றிதழில் சாட்சிகள் யார்? நம் வீட்டு மொய் நோட்டு மாதிரி அது. சாட்சிக் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் கூடப் பிறந்தவர்களோ நெருங்கின சொந்தமோ. அந்தப் பெயரையும் சேர்த்துத் தேடினால், ஒரே பெயரில் இருக்கும் நாற்பது பேரில் உங்கள் ஆள் யார் என்று பிரித்துவிடலாம்.

காட்பாடி ஜங்ஷன்:
இப்போதுதான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இரண்டு சாட்சி, ஒரு பெண் அதே குடும்பப் பெயரில். கையெழுத்துப் போடவில்லை, சிலுவைக் குறி மட்டும், பக்கத்தில் அவள் பெயரைப் பாதிரியார் எழுதியிருக்கிறார். அக்காவோ தங்கையோ கூடவே கப்பலேறி வந்திருக்கிறாள் போல, மாமியாருக்கே இது தெரியாது. பட்டாளம் பற்றிக் கேட்டதற்கு, பெட்டியில் அடியில் ஒரு கட்டு இருக்கிறது, அதைப் பிரித்ததே இல்லை என்கிறார். ஞாயிற்றுக்கிழமை அரக்கோணம் போகிறேன், கரையான் விட்டு வைத்திருந்தால் வந்து சொல்கிறேன்.