உணவுவழி பாக்டீரியாக்களின் உயிரிப்படலமும் உலோகச் சேர்மங்களும்: தட்டில் கிடைத்த பலன் எஃகில் ஏன் கிடைக்கவில்லை?

எழினி:

அனைவருக்கும் வணக்கம். உணவு நுண்ணுயிரியலில் முதுநிலை ஆய்வு செய்து வருகிறேன். உணவின் வழியே நோய் பரப்பும் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்ற பாக்டீரியா உருவாக்கும் உயிரிப்படலத்தை (பரப்பில் ஒட்டி, தாமே சுரந்த கூழுக்குள் வாழும் செல்களின் அடுக்கு) துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களாலும் வெள்ளி நைட்ரேட்டாலும் கட்டுப்படுத்த இயலுமா என்பதே என் ஆய்வுக் கேள்வி. 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில், நீர்த்த டிரிப்டிக் சோய் ஊடகத்தில் (பாக்டீரியாவை வளர்க்கும் சத்துக்கரைசல்), பாக்டீரியாவையும் சேர்மத்தையும் ஒரே நேரத்தில் இட்டு 24 மணி நேரம் வைத்திருந்து, பிறகு கிரிஸ்டல் வயலட் சாயமேற்றி அளந்தபோது, இரண்டு சேர்மங்களுமே படலத்தைப் பெருமளவு குறைத்திருந்தன.

அந்த நம்பிக்கையுடன் அடுத்த கட்டத்துக்குச் சென்றேன். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வில்லைகளை (சிறு தகடுகள்) உயிரிப்படலம் வளர்க்கும் கலனில் செங்குத்தாக நிறுத்தி, பால் கலந்த ஊடகத்தில் 72 மணி நேரம் படலம் வளரவிட்டு, அதன் பிறகு அதே செறிவில் சேர்மங்களைச் சேர்த்து, வில்லைகளைச் சுரண்டி உயிருள்ள செல்களை எண்ணினேன். எண்ணிக்கை பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறையவில்லை. மூன்று முறை செய்தும் முடிவு மாறவில்லை. செறிவைக் கூட்டிக்கொண்டே போவதுதான் வழியா, அல்லது முதல் சோதனையிலேயே நான் எதையோ தவறாகப் புரிந்துகொண்டேனா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

வேதியன்:

வணக்கம் எழினி. செறிவைக் கூட்டுவதற்கு முன், பாக்டீரியாவைத் தொடும் இடத்தில் உலோகம் எந்த வடிவில் இருக்கிறது என்று பாருங்கள். குடுவையில் நீங்கள் எடைபோட்டு இட்ட வெள்ளியும் செல்லின் சுவரைச் சென்றடையும் வெள்ளி அயனியும் ஒரே அளவாக இருப்பது மிக அரிது.

வெள்ளியை முதலில் எடுத்துக்கொள்வோம். முழுச்செறிவுள்ள டிரிப்டிக் சோய் ஊடகத்தில் லிட்டருக்கு 5 கிராம் சோடியம் குளோரைடு இருக்கிறது. வெள்ளி குளோரைடின் கரைதிறன் பெருக்கம் (அது நீரில் எவ்வளவு கரையும் என்பதைக் காட்டும் மாறிலி) ஏறக்குறைய 1.8 × 10⁻¹⁰ என்பதால், அவ்வளவு குளோரைடு உள்ள நீரில் தனி அயனியாக எஞ்சக்கூடிய வெள்ளி லிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் அளவுதான். நீங்கள் தட்டில் ஊடகத்தை நீர்த்துப் பயன்படுத்தியதால், குளோரைடும் வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களும் அங்கே குறைந்துவிட்டன. அதனால் வெள்ளி வேலை செய்தது. வில்லைச் சோதனையில் பாலைச் சேர்த்தபோது குளோரைடும் புரதமும் மீண்டும் நுழைந்துவிட்டன. துத்தநாகத்துக்கும் பால் உகந்ததன்று. பசும்பாலில் இயல்பாக உள்ள துத்தநாகத்தின் பெரும்பகுதி பாலின் முக்கியப் புரதமான கேசீன் துகள்களோடு பிணைந்தே இருக்கிறது. நீங்கள் புதிதாகச் சேர்க்கும் துத்தநாகத்தையும் கேசீன் பிடித்துக்கொள்ளத்தானே செய்யும்.

இரண்டாவது தடை படலமேதான். பாலிசாக்கரைடு, புரதம், செல்லுக்கு வெளியே கிடக்கும் டி.என்.ஏ. ஆகியவற்றாலான அந்தக் கூழில் எதிர்மின்சுமை கொண்ட தொகுதிகள் நிறைந்திருப்பதால், நேர்மின்சுமை கொண்ட உலோக அயனிகள் வெளிப்புறத்திலேயே சிக்கிக்கொள்கின்றன. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற வேறொரு பாக்டீரியாவை வைத்துத் தாமிரம், ஈயம், துத்தநாகம் ஆகிய மூன்றையும் சோதித்து 2003இல் வெளியான ஆய்வு, நீந்தித் திரியும் செல்களைவிடப் படலத்திலுள்ள செல்கள் 2 முதல் 600 மடங்கு வரை கூடுதலாகத் தாக்குப்பிடிப்பதாகக் காட்டியது. லிஸ்டீரியாவின் படலம் பொதுவாக அவ்வளவு தடிமனாக வளர்வதில்லை என்றாலும், 72 மணி நேரத்தில் பாலின் எச்சமும் சேர்ந்து கவசமாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இது பலருடைய கண்ணில் படுவதில்லை. துத்தநாக ஆக்சைடு துகள்கள் ஊடகத்தில் ஒன்றோடொன்று திரண்டு கீழே படிபவை. தட்டில் படலம் வளர்வது குழியின் அடியில். துகள்கள் நேராக அதன் மேலேயே போய் விழுகின்றன. உங்கள் வில்லைகளோ செங்குத்தாக நிற்பவை. அவற்றின் மீது எதுவும் படியாது. ஆகவே இரண்டு சோதனைகளிலும் குறிப்பேட்டில் எழுதிய செறிவு ஒன்றாக இருந்தாலும், படலம் சந்தித்த அளவு வேறுவேறு. இதைப் பிரித்தறிய, அதே அளவு துத்தநாகம் தரும் துத்தநாக சல்பேட்டை ஒப்பீட்டுக்காக வைத்துச் செய்து பாருங்கள். இரண்டும் ஒரே பலனைத் தந்தால் வேலை செய்வது கரைந்த அயனி. ஆக்சைடு மட்டும் பலன் தந்தால்தான் துகளுக்கென்று தனிச்செயல் இருப்பதாகக் கருத இடமுண்டு.

நுண்ணுயிரி நேசன்:

வேதியன் அவர்கள் கூறியவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் முதல் சோதனையின் முடிவையே சற்றுக் கேள்விக்குள்ளாக்க விரும்புகிறேன். பாக்டீரியாவையும் சேர்மத்தையும் ஒரே நேரத்தில் இட்டால், செல்கள் பெருகாமல் போனாலே படலமும் உருவாகாது. அது வளர்ச்சித் தடை; படலத் தடை என்று அதை எழுதுவது சரியாகாது. வளர்ச்சியைப் பாதிக்காத தாழ்ந்த செறிவிலும் ஒட்டுதல் குறைகிறதா என்று பார்த்த பிறகே அச்சொல்லைப் பயன்படுத்த வேண்டும். மேலும், கிரிஸ்டல் வயலட் உயிருள்ள செல், இறந்த செல், கூழ் ஆகிய எல்லாவற்றிலும் ஏறும் சாயம். தட்டில் மொத்தப் பொருளை அளந்தீர்கள், வில்லையில் உயிருள்ள எண்ணிக்கையை அளந்தீர்கள். இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்து ஒப்பிட இயலாது.

வில்லையைச் சுரண்டிய நீரில் உலோகத்தைச் செயலிழக்கச் செய்யும் நடுநிலையாக்கி ஏதேனும் சேர்த்தீர்களா? வெள்ளிக்குப் பொதுவாகச் சோடியம் தயோகிளைகோலேட் அல்லது தயோசல்பேட் பயன்படுத்துவார்கள். அது இல்லாவிட்டால், சுரண்டும்போது படலத்தோடு வந்த வெள்ளி, செல்களை வளர்த்து எண்ணும் அகார் தட்டிலும் தொடர்ந்து செல்களைக் கொன்று, இல்லாத வெற்றியைக் காட்டிவிடும். உங்களுக்குக் குறைவே தெரியவில்லை என்பதால் இந்த முறை அது உங்களை ஏமாற்றவில்லை. ஆனால் செறிவைக் கூட்டினால் கட்டாயம் ஏமாற்றும். தாமிரத்துக்கு மாறுவதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தாமிர அயனிகள் பட்ட ஈ. கோலை, சூடோமோனாஸ் போன்றவை உயிரோடிருந்தும் தட்டில் வளர மறுக்கும் நிலைக்குச் சென்றுவிடுவதுண்டு. தாமிரம் நீங்கியதும் அவை மீண்டும் எழக்கூடும். எனவே தட்டு எண்ணிக்கையோடு, செல்சவ்வின் முழுமையைக் காட்டும் ஒளிர்சாயத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழினி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நடுநிலையாக்கி சேர்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சேர்மத்தை இடும் நேரம், பால், வில்லையின் நிலை, அளவிடும் முறை என நான்கை ஒரே தாவலில் மாற்றிவிட்டேன் என்பது இப்போதுதான் புரிகிறது. ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. வளர்ந்து முடிந்த படலத்தை உலோகத்தால் அழிக்க முடியாது என்றால், உணவுத் தொழிலில் இந்தச் சேர்மங்களுக்கு உண்மையில் இடம் இருக்கிறதா?

தூய்மைப் பொறியாளர்:

இருக்கிறது, ஆனால் அது நீங்கள் தேடிய இடத்தில் இல்லை. பல ஆண்டுகளாக உணவு ஆலைகளின் சுத்திகரிப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். வளர்ந்த படலத்தை அகற்றுவது காரம், அமிலம், நொதி, நீரின் வேகம், தேய்ப்பு ஆகியவற்றின் வேலை. அழுக்கு நீங்கிய பிறகுதான் பெராசெட்டிக் அமிலமோ குளோரினோ பயன் தரும். எச்சம் இருந்தால் குளோரின் அதனோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். உலோகத்துக்கான நேரம் இதற்கும் பின்னால் வருகிறது: சுத்தமான பரப்பில் முதல் செல் ஒட்டுவதற்கும் அது கூழைச் சுரப்பதற்கும் இடைப்பட்ட நேரம். தரை வடிகால், குளிரூட்டியின் நீர்த்தட்டு, கன்வேயரின் அடிச்சட்டம் போன்ற ஈரம் காயாத மூலைகளில் லிஸ்டீரியா மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. 0 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரிலும் அது வளரும். உணவு நேரடியாகத் தொடாத இத்தகைய இடங்களில் உலோகம் கலந்த பூச்சு பயனுள்ளது என்பது என் கருத்து.

உணவைத் தொடும் பரப்பு என்றால் கணக்கு வேறு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008இல் தாமிரக் கலப்புலோகங்களைப் பதிவு செய்தபோது, 2 மணி நேரத்தில் 99.9 விழுக்காடு பாக்டீரியாவைக் கொல்லும் என்று கூற அனுமதித்தது உண்மைதான். ஆனால் அது சுத்தம் செய்யப்பட்ட பரப்பைப் பற்றிய கூற்று. அதே நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வெளியிடும் மாதிரி உணவு விதித்தொகுப்போ, பிஎச் 6க்குக் கீழான உணவு செம்பைத் தொடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. உணவைத் தொடும் பிளாஸ்டிக் பொருள்களிலிருந்து கசியும் தாமிரமும் துத்தநாகமும் ஒவ்வொன்றும் கிலோகிராமுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. அயனி வெளிவராமல் பாக்டீரியா சாகாது. வெளிவந்தால் உணவில் சேரும். இந்த இழுபறிக்குள்தான் பூச்சை வடிவமைக்க வேண்டும். ஆகவே, ஒரு நாளில் எவ்வளவு அயனி கசிகிறது என்ற அளவீடு உங்கள் ஆய்வில் இடம்பெற்றால், ஆலையில் இருப்பவர்களுக்கு மிகவும் உதவும்.

நுண்ணுயிரி நேசன்:

பூச்சைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஓர் எச்சரிக்கை. தாழ்ந்த அளவில் இடைவிடாமல் கசியும் உலோகம் எதிர்ப்புத் திறனுள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்த்துவிடும். வெள்ளியை எதிர்க்கும் மரபணுத் தொகுதி முதன்முதலில் விரிவாக அறியப்பட்டது சால்மோனெல்லா டைஃபிமூரியத்தில்தான். வெள்ளி நைட்ரேட் சிகிச்சை நடந்துவந்த ஒரு தீக்காயப் பிரிவில் பரவிய அந்த வகையைப் பற்றிய அறிக்கை 1975இல் வெளிவந்தது. லிஸ்டீரியாவின் சில பிளாஸ்மிட்களில் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள டி.என்.ஏ. வளையங்கள்) காட்மியத்தை எதிர்க்கும் மரபணுவும், கிருமிநாசினியான பென்சால்கோனியம் குளோரைடை எதிர்க்கும் மரபணுவும் அருகருகே இருக்கின்றன. எனவே, பூச்சின் மீது பல தலைமுறைகள் வளர்த்தெடுத்த செல்களை மீண்டும் எடுத்து, உலோகத்துக்கும் ஆலையில் வழக்கமாகப் பயன்படும் கிருமிநாசினிக்கும் அவை முன்புபோலவே பணிகின்றனவா என்று பாருங்கள்.

எழினி:

மிக்க நன்றி. பாலைத் தவிர்த்து, தட்டில் பயன்படுத்திய அதே நீர்த்த ஊடகத்தில், படலம் ஒட்டுவதற்கு முன்பே சேர்மத்தை இட்டு, செங்குத்து வில்லைகளையும் கிடைமட்ட வில்லைகளையும் துத்தநாக சல்பேட் ஒப்பீட்டோடு அடுத்த வாரம் தொடங்குகிறேன். தயோகிளைகோலேட் கலந்த நடுநிலையாக்கி தன்னளவில் லிஸ்டீரியாவைப் பாதிக்கிறதா என்ற சோதனையை அதற்கு முன்பே முடித்துவிடுவேன். எண்கள் கிடைத்ததும் இங்கேயே பதிவிடுகிறேன்.