மொரீஷியஸில் ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தது நம் பருப்பு வடைதானா?

வழிப்போக்கன்:
போன மாதம் போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தைப் பக்கம் ஒருவர் சின்ன உருண்டைகளாக எதையோ பொரித்துக்கொண்டிருந்தார். வாசனைக்கே கால் நின்றுவிட்டது. காத்தோ பிமான் என்றார். பிய்த்தால் உள்ளே அரைபடாத பருப்பு, பச்சை மிளகாய், கொத்தமல்லி, வெங்காயத்தாள். அசல் பருப்பு வடை! ஆனால் சோம்பு இல்லை, தட்டாமல் எலுமிச்சையைவிடச் சின்னதாக உருட்டியிருந்தார்கள். பக்கத்தில் நின்றவர் வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் நாலைந்தை வைத்து நசுக்கிச் சாப்பிட, நானும் அப்படியே வாங்கினேன், அந்தச் சூட்டில் வெண்ணெய் உருகிக் காரத்தோடு இறங்கியது இன்னும் நாக்கில் இருக்கிறது. வீட்டில் கடலைப்பருப்பில் செய்தேன், ருசியும் வரவில்லை, எண்ணெயில் உதிர்ந்தும் போனது. அங்கே என்ன பருப்பு?

தீவுவாசி:
பட்டாணிப் பருப்பு. ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் தண்ணீரைச் சுத்தமாக வடித்துவிட்டு, ஒரு சொட்டுகூட விடாமல் கொரகொரப்பாக அரையுங்கள். உதிர்ந்ததற்கு ஈரம்தான் காரணமாக இருக்கும், இல்லையென்றால் எண்ணெய் காயவில்லை. உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துப் போடுங்கள். சில வீடுகளில் கறிவேப்பிலையும் சேர்ப்பார்கள், அதற்கு அங்கே காரிபுலே என்று பெயர். சொல்லிப் பாருங்கள், நம் சொல்தான் என்று தெரியும். பிரெஞ்சில் காத்தோ என்றால் கேக், பிமான் மிளகாய்.

பழையகணக்கு:
நம் வடைதான், சந்தேகமே வேண்டாம். 1735இல் பிரெஞ்சு ஆளுநராக அங்கே வந்த லா பூர்தொனே காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் அந்தத் தீவுக்குப் போனார்கள். 1834க்குப் பிறகு ஆங்கிலேயர் கரும்புத் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனார்கள், அவர்கள் இறங்கிய ஆப்பிரவாசி காட் படித்துறை போர்ட் லூயிஸிலேயே இருக்கிறது. அடுத்த முறை அந்தப் படிகளைப் பார்த்துவிட்டு வடை சாப்பிடுங்கள். பக்கத்து ரீயூனியன் தீவில் இதையே லைமா பீன்ஸில் செய்து போன்போன் பிமான் என்கிறார்கள்.

அடுப்படி:
சோம்பு இல்லாத வடையை என்னால் வடை என்று ஒத்துக்கொள்ள முடியாது. ஆனால் வெண்ணெய் ரொட்டி யோசனை பிடித்திருக்கிறது, நாளைக் காலை செய்கிறேன்.

வழிப்போக்கன்:
தீவுவாசி, மிக்க நன்றி. பட்டாணிப் பருப்பில் இன்று செய்தேன், வடித்த பிறகு துணியில் அரைமணி நேரம் பரப்பியும் வைத்தேன். ஒன்றுகூட உதிரவில்லை. அம்மா ரொட்டி வேண்டாம் என்று வெறுமனே ஆறு சாப்பிட்டார்.