ஹாப்ஸை எப்போது இடுவது: கசப்பு நிற்கிறது, வாசனை நிற்கவில்லை

வணக்கம். மதுரை திருநகரில் வசிக்கிறேன். பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றை ஹாப்ஸோடு (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் கொடிப் பூ) காய்ச்சி, சோடா ஏற்றிக் குடிப்பது வழக்கம். ஈஸ்ட் சேர்ப்பதில்லை, ஆகவே இது பீர் அன்று. சித்திரை பிறந்ததிலிருந்து கசப்பு நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் பொட்டலத்தைப் பிரித்ததும் எழுகிற நாரத்தைத் தோல் வாசனை பானத்தில் துளியும் இல்லை.

எவர்சில்வர் பாத்திரம், இண்டக்‌ஷன் அடுப்பு, 5 லிட்டர் சாறு. காஸ்கேட் வகை ஹாப்ஸ், குருணையாக வருவது. கசப்புக்கு மூலமான ஆல்ஃபா அமிலம் அதில் 5.5 சதவீதம். 60 நிமிடக் கொதியின் தொடக்கத்தில் 5 கிராம், முடிய 10 நிமிடம் இருக்கையில் 5 கிராம், அடுப்பை அணைத்ததும் 10 கிராம் இடுகிறேன்.

உப்புச்சத்து மிகுந்த போர்வெல் தண்ணீரை விட்டு கேன் தண்ணீருக்கு மாறியதில் கசப்பின் கடுமை சற்றே தணிந்தது, அவ்வளவுதான். தொடக்க அளவைப் பாதியாக்கியும், ஃப்ரீசரில் வைத்த புதுப் பொட்டலத்தைப் பயன்படுத்தியும் வாசனை திரும்பவில்லை. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே வெந்நீராக இருப்பதால், ஆறவைக்க அதில் இறக்கி வைத்த பாத்திரம் நெடுநேரம் 80 டிகிரிக்கு மேலேயே நிற்கிறது. அந்தச் சூட்டில் ஆல்ஃபா அமிலம் தொடர்ந்து கசப்பாக மாறுவதும், வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடுவதும்தான் காரணம் என்பது என் ஐயம். (ஐஸ் கட்டி வாங்கிக் குளிர்விப்பது கட்டுப்படியாகவில்லை.)

கடைசி 10 கிராமை அணைத்தவுடன் இடாமல், சூடு 75 டிகிரிக்கு இறங்கிய பின் இட்டு மூடி 20 நிமிடம் ஊறவைத்தால் போதுமா, அல்லது 10 நிமிடப் பங்கையும் அப்போதே சேர்த்து இட வேண்டுமா?