வாட்டம் தெரியும், 1:40 தெரியாது – பிளம்பர் பரீட்சை எழுதினவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பைப்ரென்ச் (மதுரை):
நானே ஆரம்பிக்கிறேன். 16 வருஷமா பிளம்பிங் வேலை. பத்தாவதோட நிறுத்திட்டு மாமாவுக்குக் கையாளா போய்க் கத்துக்கிட்டதுதான். ஒரு அபார்ட்மென்ட் கான்ட்ராக்ட்ல சர்டிபிகேட் இருக்கான்னு கேட்டாங்க. இல்லைன்னதும் வேலை கைநழுவிப் போச்சு. அந்த ரோஷத்துலதான் அகில இந்திய தொழிற்தேர்வுக்குத் தனித்தேர்வரா விண்ணப்பம் போட்டேன்.

கிண்டியில இருக்கிற நிமி (ஐ.டி.ஐ. பாடப் புத்தகம் போடுற மத்திய அரசு நிறுவனம்) போடுற டிரேட் புத்தகத்தைத் தெரிஞ்ச பையன்கிட்ட வாங்கிட்டு வந்து ராத்திரி ராத்திரி உட்கார்ந்தேன். நான் தினமும் செய்யுற வேலைதான், ஆனா பேரு வேற. சாக்கடை வாடை மேல வராம தண்ணி தேங்கி நிக்கிற வளைவை நாம "நானி ட்ராப்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவோம். புத்தகத்துல பி, க்யூ, எஸ்னு ட்ராப்புக்கே தனி அத்தியாயம்.

என்னை உட்கார வெச்சது வாட்டம், அதாவது தண்ணி ஓட லைனுக்கு விடுற சரிவு. 100 மி.மீ. சாக்கடை லைனுக்கு 40 அடிக்கு ஒரு அடி இறக்கம், அதான் 1:40. 150-க்கு 1:60, 225-க்கு 1:90. குழாய் எத்தனை இஞ்சோ அதை பத்தால பெருக்கினா கணக்கு வந்துடும். நாலு இஞ்சுக்கு நாற்பது. மனப்பாடம் ஆயிடுச்சு. அப்புறம்தான் உறைச்சது. நாற்பதுன்னா பத்தடி பைப்புக்கு மூணு இஞ்ச் இறக்கம். நான் இத்தனை வருஷமா ஆறு இஞ்ச் விட்டுட்டு இருக்கேன்! "நல்லா ஓடட்டும்டா"ன்னு மாமா சொல்லிக் கொடுத்தது. வாட்டம் ரொம்ப அதிகமானா தண்ணி மட்டும் முன்னாடி ஓடிடும், கெட்டியானது அங்கேயே தங்கிடும்னு புத்தகத்துல போட்டிருந்தான்.

அதைப் படிச்சதும் ஒரு வீடு ஞாபகம் வந்துச்சு. 11 வருஷம் முன்னாடி நான் போட்ட லைன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அடைப்புன்னு கூப்பிடுவாங்க. நானும் போய்க் கம்பி விட்டுக் குத்திட்டு, "கண்டதையும் உள்ள போடாதீங்கம்மா"ன்னு அவங்களையே திட்டிட்டு வருவேன்.

செய்முறைத் தேர்வுல வேற மாதிரி மாட்டினேன். ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்) அளவுக்கு வெட்டி, மரை போட்டு, ரெண்டு எல்போ (முட்டி வளைவு) மாட்டணும். மரை வெட்டுற டையைப் பிடிச்சு அரைச் சுத்து முன்னாடி, கால் சுத்து பின்னாடி, எண்ணெய் விட்டு விட்டு அழகாத்தான் போட்டேன். வரைபடத்துல குடுத்திருந்தது எல்போ மையத்துக்கு மையம். நான் ஃபிட்டிங்குக்கான அளவைக் கழிக்காம முழுசா வெட்டிட்டேன். சைட்டுல இருந்தா சுவத்தைக் கொத்திச் சமாளிச்சிருப்பேன். அங்க எதைக் கொத்துறது? அந்த நேரம் பார்த்து எக்ஸாமினர், "அரை இஞ்ச் பைப்புல ஒரு இஞ்சுக்கு எத்தனை மரை?"ன்னார். 14. முக்கால் இஞ்சுக்கும் அதேதான். ஒரு இஞ்ச் பைப்புல இருந்து 11. டை வாங்கும்போது சைஸ் சொல்லி வாங்குவேனே தவிர, ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

திருச்சிப்பொண்ணு:
அண்ணா, நான் ஐ.டி.ஐ.யில ஒரு வருஷம் படிச்சு முடிச்சவ. எங்க பேட்ச்ல பொண்ணு நான் ஒருத்திதான். செய்முறைக்கு 60 சதவீதம் எடுத்தாத்தான் பாஸ், தியரிக்கு 33 போதும். அதனால பசங்க புத்தகத்தையே தொடமாட்டாங்க. ஆனா வெளியில வேலைக்கு வந்தப்புறம் எனக்கு உதவினது தியரிதான்.

ட்ராப்புல நிக்கிற தண்ணி 50 மி.மீ. ஆழம் இருக்கணும், அதுதான் சாக்கடை வாடையைத் தடுக்கிற கதவுன்னு எங்க சார் ஒளி ஊடுருவுற ட்யூபை வளைச்சுக் காட்டினார். மேல இருந்து ஒரு வாளித் தண்ணியை ஒரேயடியா கொட்டினார். கீழ ட்யூபுல நின்ன தண்ணியும் "களக்"னு கூடவே இழுத்துட்டுப் போயிடுச்சு. காத்தை உள்ள விட்டு அந்த இழுப்பைத் தடுக்கத்தான் காத்துக்குழாய்னு அன்னைக்குப் புரிஞ்சதுதான், இன்னும் மறக்கலை.

எங்க பெரியம்மா வீட்டு மாடி பாத்ரூம்ல ஒரே நாத்தம். வருஷத்துக்கு ரெண்டு தடவை விருந்தாளி வந்தாத்தான் அதைத் திறப்பாங்க. ஃபினாயில், கற்பூர உருண்டை எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு, பைப்பை உடைக்கணும்னு ஒருத்தர் ரேட்டும் சொல்லிட்டுப் போயிட்டார். நான் போய்த் தரையில இருந்த ஜாலி மூடியைத் தூக்கினேன், ட்ராப் காய்ஞ்சு கிடந்துச்சு. ரெண்டு மக் தண்ணி ஊத்திட்டுக் கீழ வந்து காபி குடிச்சேன். வாடை அடங்கினதும் பெரியம்மா, "என்னடி மந்திரம் போட்ட?"ன்னாங்க. வாரம் ஒரு தடவை தண்ணி ஊத்துங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அதுக்கு ஃபீஸ் கேட்க மனசு வரலை, கேட்டிருக்கணும்.

டெஸ்ட்அடிச்சவன் (புதுக்கோட்டை):
நான் சிங்கப்பூருக்கு ஸ்கில் டெஸ்ட் அடிச்சுப் போனவன். அங்க தண்ணி லைனுக்குப் பொறுப்பு, பி.யு.பி.ங்கிற அந்த ஊர் தண்ணி வாரியத்துக்கிட்ட உரிமம் வாங்கின பிளம்பர்தான். நாங்க எல்லாம் அவருக்குக் கீழ வேலை பாக்குறவங்க. நான் போனப்போ சி.பி. 48-னு ஒரு விதிமுறைப் புத்தகம். 2018-ல அதை எடுத்துட்டு எஸ்.எஸ். 636 வந்துச்சு. எங்க சூப்பர்வைசர் சீனர். சைட்டுக்குள்ள வந்தா முதல்ல டேங்க் மூடியைத்தான் திறப்பார். தண்ணி வர்ற வாய், வழிஞ்சு போற குழாயை விட மேல இருக்கணும், நடுவுல காத்து இடைவெளி இருக்கணும். ஒருநாள் நான் வெச்சதைப் பார்த்துட்டு ஒண்ணுமே பேசலை, விரலால அளந்து காட்டிட்டுப் போயிட்டார். மொத்தத்தையும் கழட்டி மறுபடி போட்டோம்.

காரணம் ஊருக்குத் திரும்பினப்புறம் நல்லா புரிஞ்சுது. எங்க தெருவுல குழாயில ஓஸ் பைப்பை மாட்டி, மறுமுனையை மாட்டுத்தொட்டித் தண்ணிக்குள்ள அமுக்கி வெச்சிருப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரர் அதே லைன்ல நேரா மோட்டாரைப் போட்டு உறிஞ்சுவார். அந்த இழுப்புல தொட்டித் தண்ணி லைனுக்குள்ள போயிடும். அதைத்தான் அடுத்த வீட்டுல குடத்துல பிடிக்கிறாங்க. சொன்னா, "வந்துட்டாரு சிங்கப்பூரு"ங்கிறாங்க.

ரிட்டயர்டுஓவர்சியர்:
பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம். தேசியக் கட்டட நெறித்தொகுப்பு 2016-இல் ஒன்பதாம் பாகம்தான் நம் பிளம்பிங் பாகம். நெறித்தொகுப்பு என்பது பரிந்துரைதான். கட்டுப்படுத்துவது மாநில விதி. நமக்கு அது 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கேள்வி வந்தால், அதில் 45 கழிப்பறைக்கு, 90 மற்றதற்கு என்று பிரித்துப் படியுங்கள். ஐந்து பேர் வீட்டுக்கு 675 வரும். டேங்க் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.

மதுரைத் தம்பி, அந்தப் பழைய லைனை என்ன செய்தீர்கள்? சைட்டில் 1:40-ஐ எதை வைத்துப் பார்க்கிறீர்கள்?

பைப்ரென்ச் (மதுரை):
பாஸ் பண்ணிட்டேன் சார், செய்முறையில தப்பிச்சதே பெருசு. அந்த வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அந்தம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துட்டு, "அப்போ இத்தனை நாளா எங்களைத் திட்டினது?"ன்னாங்க. பைப் காசு மட்டும் வாங்கிக்கிட்டு ரெண்டு நாள்ல தோண்டி மாத்திக் குடுத்தேன்.

1:40-க்கு டியூப் லெவல் எல்லாம் வேண்டாம் சார். ரெண்டடி ரசமட்டம் 600 மி.மீ. அதை 40-ஆல வகுத்தா 15. அதனால 15 மி.மீ. பிளைவுட் துண்டு ஒண்ணை ரசமட்டத்தோட ஒரு முனைக்கு அடியில இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்கேன். துண்டு இருக்கிற முனை இறக்கத்துப் பக்கம் வர்ற மாதிரி பைப் மேல வெச்சு, குமிழி நடுவுல நின்னா முடிஞ்சது. டேப்பு மட்டும் வெயில்ல பிசுபிசுன்னு ஆகி மாசத்துக்கு ஒரு தடவை கழண்டுக்குது.