ஃபோமா, லிக்விடா: "லிக்விடைத் தூக்கிப் போடுங்க"ன்னு எழுதினவருக்கு

தஞ்சாவூரான்:
நேத்து இங்க ஒருத்தர், "முடி கொட்டறதுக்குத் தலையில தடவற மினாக்சிடில் மருந்துல லிக்விட் எல்லாம் போன தலைமுறை சமாச்சாரம், தூக்கிப் போட்டுட்டு நுரையா வர்ற ஃபோம் வாங்குங்க"ன்னு எழுதியிருந்தார். படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. லிக்விடை நம்பி முடியைக் காப்பாத்தி வச்சிருக்கறவங்க எல்லாம் விவரம் கெட்டவங்களா? அமெரிக்காவுல 1988-லேயே 2% லிக்விடுக்கு அனுமதி கொடுத்தாச்சு. ஃபோம் வந்தது 2006-ல. அந்த ஃபோமோட மருந்துக் குறிப்புலேயே என்ன போட்டிருக்கு தெரியுமா? 5% லிக்விட் தடவினா ரத்தத்துல எவ்வளவு மருந்து சேருதோ, ஃபோம் தடவினா அதுல சுமார் பாதிதான் சேருது. பாதி மருந்துக்குக் கூடுதல் விலை எதுக்கு?

மருந்துக்கடைக்காரன்:
எழுதினது நான்தான், பேர் சொல்லியே கேக்கலாம். ரத்தத்துல பாதின்னா முடி வேர்லயும் பாதின்னு உங்களுக்கு யார் சொன்னது? மருந்து வேலை செய்ய வேண்டிய இடம் மண்டைத் தோல். ரத்தத்துக்குள்ள போறது நமக்குத் தேவையில்லாதது. இது 1979-ல பிபி மாத்திரையா வந்த மருந்து சார். உள்ளே அதிகமா ஏறினா படபடப்பு, கால் வீக்கம் வரலாம். பாதிதான் ஏறுதுன்னா நல்லதுதானே?

தஞ்சாவூரான்:
பாதின்னு ஒத்துக்கிட்டதுக்கு நன்றி.

மருந்துக்கடைக்காரன்:
நான் என்ன ஒத்துக்கிட்டேன்னு திரும்ப ஒரு தடவை படிங்க.

மதுரைக்காரி:
லிக்விட் போட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வகிட்டுல செதில் செதிலா வெள்ளையா உரிஞ்சு கொட்டும், கறுப்புல ஒரு துணி போட முடியாது. சொறிஞ்சு சொறிஞ்சு காதுக்குப் பின்னால புண்ணே வந்துருச்சு. லிக்விட்ல கலக்குற புரோப்பிலீன் கிளைக்கால் உனக்கு ஒத்துக்கலம்மான்னு தோல் டாக்டர் சொன்னாங்க. ஃபோம்ல அது கிடையாது. மாத்தின பிறகு அரிப்பு நின்னுச்சு. 2011-ல வந்த ஆய்வுல பொம்பளைங்களுக்கு 5% ஃபோமை ஒரு வேளையும் 2% லிக்விடை ரெண்டு வேளையும் கொடுத்துப் பார்த்திருக்காங்க. 24 வாரத்துல ஃபோம் ஒண்ணும் குறைஞ்சு போயிடல.

தஞ்சாவூரான்:
அம்மா, 5%-ஐக் கொண்டுபோய் 2%-கிட்ட மோதவிட்டு ஜெயிச்சுட்டோம்னா எப்படி? 5-க்கு 5 காட்டுங்க. 2007 ஆம்பளைங்க ஆய்வும் அதே கதை, மருந்தில்லாத வெறும் நுரையோடதான் ஒப்பிட்டாங்க. லிக்விடோட நேருக்கு நேர் எங்கே? 5% லிக்விட் 2% லிக்விடை விட 48 வாரத்துல 45% அதிகமா முடி வளர்த்ததுன்னு 2002-லேயே வந்தாச்சு. மருந்து கூடினா முடி கூடுது. அப்ப பாதி இறங்கினா?

மருந்துக்கடைக்காரன்:
மறுபடியும் அதேதானா? அந்த 45% தடவின மருந்தோட கணக்கு. நீங்க சொல்ற பாதி ரத்தத்தோட கணக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. தோல்ல இருக்கற ஒரு நொதிதான் மினாக்சிடிலை, முடி வேர்ல வேலை செய்யற மினாக்சிடில் சல்பேட்டா மாத்துது. அது குறைவா இருக்கறவங்களுக்கு எதைப் போட்டாலும் பலன் கம்மி.

தஞ்சாவூரான்:
நொதிக்குப் போயிட்டீங்க. நான் கேட்டது பாதியைப் பத்தி.

ஸ்கார்பரோத் தமிழன்:
அண்ணை, முதல்ல ஃபோமைப் பூசுற முறையைச் சொல்லுங்கோ. கையைக் குளிர்ந்த தண்ணியில கழுவி, நல்லாத் துடைச்சுப்போட்டுத்தான் நுரையை எடுக்கோணும். இல்லாட்டி விரல்ச் சூட்டிலயே கரைஞ்சு போயிடும். மயிரிலை பூசிப்போட்டு பலன் இல்லை எண்டு சொல்றவைதான் கனபேர். தலைமயிரைப் பிரிச்சு, தோலிலை படப் பூசோணும். வீட்டிலை பூனை இருந்தால் ரெண்டிலுமே கவனம், இந்த மருந்து பூனைக்கு நஞ்சு.

தஞ்சாவூரான்:
பனிக்குள்ள உக்காந்துக்கிட்டு சொல்றது சுலபம். சித்திரையில எங்க குழாயைத் திறந்தா கொதி தண்ணிதான் வருது. அந்த டப்பா வேற அழுத்தம் ஏத்தினது, 49 டிகிரிக்கு மேல சூடாகக் கூடாதுன்னு அதுமேலேயே எழுதியிருக்கு. வெயில்ல நிக்கற பைக் பெட்டிக்குள்ள வச்சா என்ன ஆகும்?

ஸ்கார்பரோத் தமிழன்:
ஆர் உங்களைப் பைக்குக்குள்ள வைக்கச் சொன்னது? பனியில இருக்கிறவனுக்கும் மயிர் கொட்டுது அண்ணை. நக்கல் வேண்டாம்.

கரிசாலை:
ரெண்டுமே ரசாயனம்தான். நிறுத்தினா மூணு நாலு மாசத்துல வளர்ந்தது அத்தனையும் கொட்டிடும்னு ஏன் யாருமே சொல்லல? எங்க ஆச்சி கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சித்தான் தேய்ச்சாங்க. கடைசி வரைக்கும் கொண்டை குறையல.

மருந்துக்கடைக்காரன்:
வந்தாச்சா? போன வருஷம் வெங்காயச் சாறுன்னு ஆரம்பிச்சு அந்த விவாதத்தையே நாசம் பண்ணினது நீங்கதானே? உங்க ஆச்சிக்குப் பரம்பரை வழுக்கை கிடையாது, அவ்வளவுதான். டிஹெச்டி ஹார்மோனால வேர் சுருங்கறதை எண்ணெய் தடுக்காது.

கரிசாலை:
மருந்து விக்கறவர் வேற எப்படிப் பேசுவார்? ஃபோம்ல லாபம் அதிகம்.

மருந்துக்கடைக்காரன்:
என் கடையில அதிகம் போறது லிக்விட்தான். ஒருத்தர் லாபத்தைப் பத்தி எழுதறதுக்கு முன்னால விசாரிச்சுட்டு எழுதணும். இதை நான் சும்மா விடப்போறதில்ல.

தஞ்சாவூரான்:
அவரே சொல்லிட்டார், அதிகம் போறது லிக்விட்! ஜனங்களுக்குத் தெரியாதா எது நல்லதுன்னு?

மருந்துக்கடைக்காரன்:
விலை கம்மி, அதனால போகுது.

தஞ்சாவூரான்:
ஒரே ஒரு கேள்வி, சுத்தி வளைக்காம பதில் சொல்லுங்க. குறிப்புல பாதின்னு இருக்கா இல்லையா?

மருந்துக்கடைக்காரன்:
இருக்கு. ரத்தத்துல.

தஞ்சாவூரான்:
இருக்குல்ல? அதைத்தான் முதல்லேர்ந்து சொல்றேன்.

மதுரைக்காரி:
புண்ணு வந்த கதையை எழுதியிருக்கேன், அதுக்கு ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. மருந்து எவ்வளவு இறங்கினா என்ன, தலையில வைக்கவே முடியலைன்னா?

தஞ்சாவூரான்:
அரிப்பு அவங்கவங்க தோலைப் பொறுத்தது. பாதிங்கறது அச்சடிச்சு வச்சது. அதுக்கு யாராவது பதில் சொல்லுங்க.