கைரேகையா, ரெக்டிஃபையரா? ஏற்காட்டுப் பாதையில் உயிர்விடும் ஹெட்லைட் பல்புகள்

நாகலூர் காப்பிக்காடு:
"மலையில் வண்டி ஓட்டுகிறவர்களின் பல்பு அடிக்கடி போவதற்கு ஒரே காரணம், மாட்டும்போது கண்ணாடியை வெறுங்கையால் தொடுவதுதான்" என்று குகை மெக்கானிக் நேற்று இங்கே எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. எட்டு மாதத்தில் என் பைக்கில் நான்கு ஹெட்லைட் பல்புகளை நான் பறிகொடுத்திருக்கிறேன். நான்கையும் துணியால் பிடித்துத்தான் மாட்டினேன். ஹாலோஜன் பல்பின் குவார்ட்ஸ் கண்ணாடியில் விரலின் எண்ணெயும் உப்பும் படிந்தால், அந்த இடம் சூட்டில் பாலாடை போல வெளுத்து, சில நேரம் கொப்புளமாக வீங்கும் என்பது உண்மைதான். அப்படியானால் என் நான்கு பல்புகளிலும் அந்தத் தழும்பு எங்கே? கண்ணாடி உள்பக்கம் கறுத்திருக்கிறது, இழையின் முனைகள் உருகி உருண்டிருக்கின்றன. இது மின்னழுத்தம் மிகுந்து செத்த பல்பு. அப்போது மீட்டர் வைத்துப் பார்த்தேன்: இன்ஜின் ஓட, வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரியில் 13.6 வோல்ட், ஆக்சிலேட்டரை முறுக்கினால் 15.6 வோல்ட். இன்ஜினிலிருந்து வரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி, பதினான்கரை வோல்ட்டோடு நிறுத்த வேண்டிய ரெக்டிஃபையர் தன் வேலையைச் செய்யவில்லை.

குகை மெக்கானிக்:
முப்பது வருடமாக இதே வேலையைச் செய்கிறேன். மீட்டரைப் பிடிக்கத் தெரிந்தவர் எல்லோரும் மெக்கானிக் ஆகிவிட முடியாது. நூறு பல்பு என் கடைக்கு வந்தால், எண்பதைக் கையால் தொட்டுத்தான் கெடுத்திருப்பார்கள். தழும்பு எல்லார் கண்ணுக்கும் தெரியாது. பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். ஒரு வோல்ட் கூடினால் பல்பு கொஞ்சம் பிரகாசமாக எரியும், அவ்வளவுதான்.

நாகலூர் காப்பிக்காடு:
"அவ்வளவுதான்" என்ற இடத்தில்தான் உங்கள் முப்பது வருடம் தவறிவிட்டது. மின்னழுத்தம் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடினாலே இழையின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். என் வண்டியில் பதினான்கரைக்கு மேல் ஏழு பங்குக்கும் அதிகமாகக் கூடியிருந்தது. இது நான் கட்டிய கதை அன்று; டங்ஸ்டன் இழையின் இயல்பு. சென்ற ஆண்டு இதே வண்டிக்குப் பேட்டரியை மாற்றச் சொன்னவரும் நீங்கள்தான். மாற்றினேன், பல்பு மறுபடியும் போனது. அந்தப் பணத்தைப் பற்றி இன்றுவரை நீங்கள் வாய் திறக்கவில்லை. இப்போதும் கேட்கிறேன்: தழும்பு எங்கே?

அஸ்தம்பட்டி வாசகர்:
இரண்டு பேரும் பனியை மறந்துவிட்டீர்கள். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூடான பல்பின் மேல் குளிர்ந்த மூடுபனி பட்டால் கண்ணாடி வெடிக்காதா?

நாகலூர் காப்பிக்காடு:
பல்பு ஹெட்லைட்டின் கண்ணாடிக் கூடான டூமுக்குள், பின்பக்க ரப்பர் மூடிக்கு உள்ளே இருக்கிறது. பனி அதைத் தொடுவதில்லை. மூடி கிழிந்திருந்தால் தண்ணீர் இறங்கும், அதை நான் மறுக்கவில்லை. என் வண்டியில் மூடி முழுசாக இருக்கிறது.

செவ்வாய்பேட்டை வண்டிக்காரர்:
எனக்கு ஒரு சந்தேகம், அண்ணா. உங்கள் பல்புகளில் மூன்று மலை இறங்கும்போதுதான் போனதாக முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடித்தானே வருகிறோம்? அப்போது மின்னழுத்தம் எப்படிக் கூடும்? குண்டும் குழியுமான இடங்களில் குலுங்கி இழை அறுந்திருக்கலாம் அல்லவா?

நாகலூர் காப்பிக்காடு:
நல்ல கேள்வி, தம்பி. அடிவாரம் வரை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரில் இன்ஜினைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறோம். ஆக்சிலேட்டர் மூடியிருந்தாலும் சக்கரம் இன்ஜினை இழுத்துச் சுழற்றுகிறது. இன்ஜின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயிலுக்குச் சுழற்சிதான் கணக்கு. பெட்ரோல் எவ்வளவு போகிறது என்று அது பார்ப்பதில்லை. அதனால் ஏறும்போதும் இறங்கும்போதும் காயில் முழு வேகத்தில் மின்சாரம் தள்ளுகிறது. சேலத்துக்குள் ஐந்து ரோட்டிலிருந்து சூரமங்கலம் வரை ஊர்ந்து போகிற வண்டியில் இதே கெட்ட ரெக்டிஃபையர் இருந்தாலும் இவ்வளவு சீக்கிரம் தெரியாது. குலுக்கலில் அறுந்த இழை பெரும்பாலும் உருகாமல் முறிந்து தொங்கும், கண்ணாடியும் தெளிவாக இருக்கும். என் பல்புகள் அப்படி இல்லை.

அஸ்தம்பட்டி வாசகர்:
2017 ஏப்ரல் முதல் வரும் இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்சே கிடையாது. பகலெல்லாம் எரிந்தால் சீக்கிரம் போகத்தான் செய்யும். பல்பின் வயதை மாதத்தில் எண்ணுவதே தவறு, மணியில் எண்ண வேண்டும். இதை யாரும் பேசவில்லை. இதைவிடக் கொடுமை, 35 வாட் இருக்க வேண்டிய இடத்தில் 100/90 வாட் பல்பைப் போட்டுக்கொண்டு எதிரே வருகிறவர்கள். பனியில் அந்த வெளிச்சம் அவர்கள் கண்ணுக்கே திரும்பி அடிக்கும், நமக்கோ வளைவில் ஒன்றும் தெரியாது. குகை மெக்கானிக் கடையில் அப்படி மாட்டிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

குகை மெக்கானிக்:
கேள்விப்பட்டதை எழுதாதீர்கள். கேட்டு வருகிறவர்களுக்கு, பேட்டரியிலிருந்து பல்புக்கு நேராக மின்சாரம் விடும் தனி ரிலே வைத்து, தடித்த வயர் இழுத்துத்தான் மாட்டுகிறேன். ரிலே இல்லாமல் மாட்டினால் சுவிட்சும் வயரும் உருகும் என்பது எனக்குத் தெரியாதா?

அஸ்தம்பட்டி வாசகர்:
சுவிட்ச் உருகாமல் பார்த்துக்கொண்டீர்கள். எதிரே வருகிறவனின் கண்ணை யார் பார்த்துக்கொள்வது?

நாகலூர் காப்பிக்காடு:
அதைத் தனியாகப் பேசுங்கள். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. மூன்று மாதத்துக்கு முன் ரெக்டிஃபையரை மாற்றினேன். அதன் எர்த் வயரை வண்டியின் இரும்புச் சட்டத்தில் துரு சுரண்டி இறுக்கினேன். இப்போது எவ்வளவு முறுக்கினாலும் 14.3 வோல்ட்டைத் தாண்டுவதில்லை. ஐந்தாவது பல்பு இந்த மழைக்காலம் முழுக்க எரிந்துகொண்டிருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

குகை மெக்கானிக்:
ஐந்தாவதை நான் சொன்ன பிறகு கை படாமல் மாட்டியிருக்கிறீர்கள். அதனால் எரிகிறது.

நாகலூர் காப்பிக்காடு:
நான்கையும் துணியால்தான் பிடித்தேன் என்று முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குகை மெக்கானிக்:
மூன்றாவதை இருட்டில், வெள்ளக்கடை அருகே, மழையில் நின்று மாட்டியதாக அப்போது நீங்களே எழுதினீர்கள். மழையில் துணி எங்கிருந்து வந்தது?

நாகலூர் காப்பிக்காடு:
சட்டை முனையால் பிடித்தேன். சரி, விரல் பட்டதென்றே வையுங்கள். அந்த மூன்றாவது பல்பு இப்போதும் என் மேசையில் இருக்கிறது. கண்ணாடி கறுத்திருக்கிறது, வெளுத்த இடம் ஒரு கடுகளவும் இல்லை. தழும்பு எங்கே?

குகை மெக்கானிக்:
கடைக்கு எடுத்து வாருங்கள். காட்டுகிறேன்.

நாகலூர் காப்பிக்காடு:
முதலில் அந்தப் பேட்டரிப் பணத்துக்குப் பதில் சொல்லுங்கள். பிறகு வருகிறேன்.