போன் அடித்தால் நெட் போகும்: உங்கள் வீட்டு மோடம் கதைகளையும் சொல்லுங்கள்

காலிவீதிக்காரன்
போன் வயரிலேயே நெட்டும் வந்த ஏடிஎஸ்எல் காலத்துக் கதை, ஆனாலும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. இரவு எட்டு மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா எடுப்பா. மணி அடித்தவுடன் மோடத்தில் டிஎஸ்எல் லைட் அணையும். பிறகு மினுங்கி மினுங்கித் திரும்ப வரும். முறையிட்டால் "ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ" என்பார்கள். கடைசியில் ஒருவர் வந்தார். பட்டப்பகல், லைன் அருமையாக ஓடுகிறது. "லைன் சரி மாத்தயா" என்று பேப்பரை நீட்டினார். அந்த நேரம் பார்த்து அவருடைய அலுவலகத்திலிருந்தே எங்கள் லான்ட்லைனுக்கு எடுத்தார்கள். ஒரு மணிதான் அடித்தது. அவர் கண்ணுக்கு முன்னாலேயே லைட் போனது. லைட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இப்ப வரும்" என்றார். வந்தது. கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். காரணம் தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா?

கொட்டாஞ்சேனை மழை
வீட்டுக்குள் தேடி என்ன பயன், வெளி லைனைப் பாருங்கள். மே மாத மழை தொடங்கினால் எங்கள் ஒழுங்கையில் போன் கரகரக்கும், நெட் படுத்துவிடும். வெயில் வந்தால் தானாகச் சரியாகும். ஆள் வருவதும் வெயிலில்தான்! ஒருமுறை தூறலுக்குள் வந்து அகப்பட்டார். கம்பத்தில் ஏறி, பெட்டியைத் திறந்து, வயர் நுனியை வெட்டி மேலிருந்து என்னிடம் போட்டார். செம்பு பச்சையாக இருந்தது, தேய்த்தால் பொடி பொடியாக வந்தது. "கடல் கிட்டத்தானே" என்றார். அந்தத் துண்டு இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

டெசிபல்
மழை அண்ணா, எல்லாவற்றையும் கடலின் தலையில் போடாதீர்கள். மழைக்கு மட்டும் போனால் வெளி லைன், மணி அடித்தால் போனால் ஸ்பிளிட்டர். என் கதை சின்னது: தெஹிவளையில் சித்தி வீட்டுக் கட்டிலுக்குப் பின்னால் யாரும் எடுக்காத பழைய போன் ஒன்று செருகியபடியே கிடந்தது. கழற்றினேன், சரியாகிவிட்டது.

விளக்கம் இதுதான். பேச்சு 4 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே போகிறது, ஏடிஎஸ்எல் ஏறத்தாழ 25 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே. இரண்டையும் பிரித்துவைக்கும் சின்னப் பெட்டிதான் ஸ்பிளிட்டர். சும்மா இருக்கும்போது லைனில் 48 வோல்ட் அளவில் நேரோட்டம். மணி அடிக்கும்போது 75, 90 வோல்ட் என்று ஆடலோட்டம் வருகிறது. ஸ்பிளிட்டர் பழுதென்றால் அந்த அடியை மோடம் தாங்காது. ஆகவே வீட்டிலுள்ள எல்லாப் போனையும் கழற்றுங்கள். லைன் உள்ளே வரும் முதல் சொக்கெட்டில் மோடத்தை மட்டும் செருகுங்கள். பிறகு பிரௌசரில் 192.168.1.1 என்று அடித்து மோடத்தின் பக்கத்துக்குள் போய் எஸ்என்ஆர் மார்ஜினை, அதாவது இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு எவ்வளவு மிச்சம் என்பதைப் பாருங்கள் (சில மோடத்தில் முகவரி வேறு, அடியில் ஒட்டியிருக்கும்). 6 டெசிபலுக்குக் கீழே இறங்கினால் லைன் விட்டு விட்டுத்தான் ஓடும். தொலைபேசி நிலையம் 4, 5 கிலோமீற்றர் தள்ளி என்றால் யாரைத் திட்டியும் பலனில்லை. எழுதி வைத்து, ஆள் வரும்போது காட்டுங்கள்.

பம்பலப்பிட்டி மருமகள்
டெசிபல், கதை கேட்டால் பாடம் எடுக்கிறீர்கள். 😀 பைபரிலும் நிம்மதி இல்லை. நவராத்திரிக்குக் கொலு வைக்க மாமி அலுமாரியைத் தள்ளிவைத்தா. அன்றிரவே, சிக்னல் இல்லை என்று காட்டும் லொஸ் லைட் சிவப்பு. வந்த பெடியன் கேபிளில் மீற்றரைச் செருகினான், ஒளியின் அளவு -31. பேசாமல் அலுமாரியை ஒரு சாண் இழுத்தான், -20. மூலையில் கேபிள் மடிந்து நசுங்கியிருந்திருக்கிறது. மாமி பக்கத்தில்தான் நின்றா. "அலுமாரிக்கும் கொம்பியூட்டருக்கும் என்ன தொடுப்பு?" என்றா. இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

காலிவீதிக்காரன்
டெசிபல் தம்பி, ஸ்பிளிட்டர் இருந்தது. வீட்டில் போனும் ஒன்றுதான்.

டெசிபல்
அப்போ ஸ்பிளிட்டரே பழுது. வேறொன்று போட்டுப் பார்த்தீர்களா?

காலிவீதிக்காரன்
லான்ட்லைனையே வெட்டிவிட்டோம், எதில் போட்டுப் பார்க்க?

இருட்டுக்காலம்
2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் கட் இருந்ததே, அப்போது நடந்தது. மகளுக்கு ஸூம் ரியூஷன். புறக்கோட்டையில் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கினேன், "எல்லா ரவுட்டருக்கும் போகும்" என்றார் கடைக்காரர். லைட் எல்லாம் எரிந்தது, வைபை பெயரும் வந்தது. வகுப்பு தொடங்கி வீடியோ ஓடத் தொடங்கினால் மட்டும் ரவுட்டர் செத்துத் திரும்ப எழும்பும். ரவுட்டரின் அடியில் 12 வோல்ட், 2 அம்பியர். யூபிஎஸ்ஸில் 12 வோல்ட், 1 அம்பியர். திருப்பிக் கொண்டுபோனேன். "அப்போ வீடியோவை ஓஃப் பண்ணிப் படிக்கச் சொல்லுங்கோ" என்றார் மனுஷன், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

சொன்ன 2 அம்பியரை உண்மையாகவே தரும் மினி யூபிஎஸ் இங்கே யாராவது பாவிக்கிறீர்களா? அதே கடைக்குத் திரும்பப் போக எனக்கு விருப்பமில்லை.